செவ்வாய்க்கிழமை அரைவிலை

ஸ்கார்பரோவில் செவ்வாய்க்கிழமை டிக்கெட் அரைவிலை.
வேலை முடிந்து யூனிஃபோர்மோடு வருவேன்.
சப்பாத்தில் ஒட்டிய பனி
ஏழாம் வரிசையில் கரைந்து
முன் சீட்டுக்குக் கீழே போய்ச் சேரும்.

எந்த மொழி என்று பார்ப்பதில்லை.
எங்கட பக்கத்து ஆட்கள்
கடல் தாண்டி வந்து எடுத்த படம் என்றால் போதும்.
கீழே ஓடும் எழுத்தைப்
படிக்கட்டுக் கம்பி மாதிரிப் பிடித்துக்கொண்டு நடப்பேன்.

குஜராத்தி மோட்டல்காரன் துவாய்களை எண்ணுவான்,
முப்பத்தொன்றில் மனைவி ஞாபகம் வரும்,
மறுபடி ஒன்றிலிருந்து.
பஞ்சாபி லொறிக்காரி வின்னிபெக் தாண்டியதும்
ரேடியோ இரைச்சலோடு சண்டை பிடிப்பாள்.
மலையாளத் தாதி
செத்துப்போன நோயாளியின் கையுறையைத்
தன் லொக்கரில் ஒளித்துவைப்பாள்,
ஏன் என்று கடைசிவரை சொல்லமாட்டாள்.

பெரிய படங்களில் கதாநாயகன் வானத்திலிருந்து குதிப்பான்.
இவற்றில் ஆட்கள் வாசற்படியில் வழுக்கி விழுகிறார்கள்,
உப்புப் போட மறந்த படி.
எனக்கு அது பிடிக்கும்.

சின்னப் பொய்களும் பிடிக்கும்.
போன மாதப் படத்தில்
லாரன்ஸ் வீதியில், ஜனவரியில்,
அவள் போய் நின்ற உடனே பஸ் வந்தது.
அரங்கில் பதினொரு பேர்.
பதினொரு பேரும் சிரித்தோம்.

இன்னொரு படத்தில் நானே இருக்கிறேன்.
கல்யாண மண்டபத்துக்குக் கூட்டம் வேணும் என்றார்கள்.
பச்சைச் சேலை கட்டி, எட்டு மணித்தியாலம்,
ஆறிப்போன ஒரே வடையைத் தின்னாமல் தின்றேன்.
வெட்டியது போக மிஞ்சியது என் வலது முழங்கை,
இரண்டு செக்கன்.
நிறுத்தி மகளுக்குக் காட்டினேன்.
'அம்மா, அது தூண்' என்றாள்.

இன்றைக்குச் சிங்களப் படம்.
எடுத்தவள் மெல்பேர்னில் வளர்ந்தவளாம்.
டிக்கெட் வாங்கிய பிறகும் வாசலில் கொஞ்சம் நின்றேன்.
அந்த மொழியில் எனக்கு இரண்டு சொல் தெரியும்,
இரண்டும் சென்றிப் பொயின்றில் படித்தது.
'என்ன' என்றால் வா.
'யன்ன' என்றால் போ.
முதல் நாள் அவன் 'என்ன' என்றான்.
தமிழில் விசாரிக்கிறான் என்று நினைத்து
'ஒன்றுமில்லை' என்றேன்.
துவக்கு முனை சைக்கிள் கூடையைத் தட்டியது.
பத்தொன்பது வயது எனக்கு.
அவனுக்கும் அவ்வளவுதான் இருக்கும்.

படத்தில் யுத்தம் இல்லை.
ஒரு தாய், ஒரு சூட்கேஸ், ஒரு தராசு.
மூன்று கிலோ கூட.
மாசித்தூள் பைக்கற்றை மகன் வெளியே எடுக்கிறான்,
அவள் உள்ளே வைக்கிறாள்,
எடுக்கிறான், வைக்கிறாள்,
நாலு நிமிடம், இசை இல்லாமல், வெட்டாமல்.
இதை இப்படியே விட்டுவைத்தவளின் கையை
ஒருதரம் பிடித்துப் பார்க்கவேணும் போல இருந்தது.

பிறகு கதவடியில் தாய் சொன்னாள்:
'கிஹின் என்ன.'

கீழே ஆங்கிலத்தில் 'குட்பை' ஓடியது.

இல்லை.
கம்பியை விட்டுவிட்டேன், விழவில்லை.
போ என்பதோடு நிறுத்தாமல்
வா என்பதையும் கையில் கொடுத்தாள்,
எங்கட போயிட்டு வா.
குட்பையில் திரும்பிவரக் கதவு ஏது?
அந்தச் சொல்லைத் துவக்கு இல்லாமல்
இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

நான் கடைசிப் பெயர்வரை இருக்கிறவள்.
கீழ்வரி எழுதியவர் யாரென்று பார்த்து
சண்டை பிடிக்கவேணும்.
இல்லாவிட்டால் கேட்கவேணும்,
வேறு எதைத்தான் எழுதியிருக்க முடியும் என்று.
சின்ன எழுத்து. கண்ணாடி ஈரம்.
பெயர் மேலே போய்விட்டது.

விளக்குப் போட்டுவிட்டார்கள்.
சிந்திய சோளப்பொரிக்குத் தும்புத்தடியோடு
பெடியன் ஒருவன் காத்து நின்றான்,
நெஞ்சுப் பட்டியில் அபிஷன் என்று இருந்தது.
'போயிட்டு வாறன் தம்பி.'
வாய் தானாகச் சொன்னது.

காதில் செருகியிருந்ததைக் கழற்றி,
இங்கே பிறந்த தமிழில்,
'என்ன?' என்றான்.